காற்றுக்கு யார் ஜவாப்தாரி?

பாரம் ஏற்றிய லாரி டயர் வெடித்துக் கவிழ்ந்தால், மறுநாள் இரண்டே காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று தலைவிதி, மற்றொன்று டிரைவரின் அஜாக்கிரதை. அன்று காலை அந்த டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்று கேட்பாரைக் காணோம்.

பாரத்தைத் தாங்குவது ரப்பரன்று. உள்ளே அடைபட்ட காற்றே. சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 ராத்தல் அழுத்தம் வேண்டிய லாரி டயரில் காற்றுக் குறைந்தால், அதன் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் அளவு மீறி மடங்கி நிமிர்கின்றன, உஷ்ணம் பெருகுகிறது, உள்ளிருக்கும் இழைகள் ரப்பரை விட்டுப் பிரிகின்றன. பின்புற இரட்டைச் சக்கரங்களில் ஆபத்து இன்னும் மறைவானது. உள் டயர் காற்றிழந்தால் வெளி டயர் அதன் பாரத்தையும் சுமக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் செவ்வனே இருப்பதாகத் தோன்றும். நம் டிரைவர்கள் இரும்புத் தடியால் தட்டிச் சத்தம் கேட்கிறார்கள். காற்று அடியோடு இறங்கியதை அது காட்டும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டாது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி, டயரில் சரியான காற்று இருக்க வேண்டுமென்கிறது. லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாதென்றும் விதிக்கிறது. ஆனால் லாரி எப்.சி.க்கு நிற்பது வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒருமுறை. காற்றோ ஒரே இரவில் இறங்கிவிடும். இடையிலுள்ள நாட்களுக்கு யார் ஜவாப்தாரி? அளவுமானி வாங்கித் தராத முதலாளியா? கொடுத்த வண்டியை ஓட்டும் கூலிக்காரனா?

2012-ல் இங்கிலாந்தில் இசை விழாவிலிருந்து திரும்பிய பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்து மூவர் மாண்டனர். அந்த டயருக்கு வயது 19-க்கு மேல். மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் பல வருஷம் விடாது கிளர்ச்சி செய்தார். 2021 பிப்ரவரி முதல், பத்து வயது கடந்த டயரை லாரி, பஸ்களின் முன் அச்சில் மாட்டலாகாதென்று அங்கே சட்டமாயிற்று. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல், புதிய லாரிகளில் காற்றுக் குறைவை டிரைவருக்கு அறிவிக்கும் கருவி இருந்தே தீர வேண்டும். நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்பட்டுத் தேசம் முழுவதும் சுற்றும் நம் டிரைவர்களின் உயிர் மட்டும் மலிவானதா?

நாம் கேட்பவை மூன்று. முதலாவதாக, நம் ரஸ்தாக்களில் ஓடும் ஒவ்வொரு கனரக லாரியிலும் அத்தகைய கருவி இருக்குமாறு சர்க்கார் செய்ய வேண்டும். இரண்டாவதாக, வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், உள் டயர் உட்பட ஒவ்வொன்றையும் அளந்து புத்தகத்தில் எழுதி முதலாளியும் கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களையும் அதில் குறிக்கலாம். அவை டயர் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும். மூன்றாவதாக, மொட்டை டயரோடு வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவருக்கு வேலையோ கூலியோ போகலாகாது. இதற்குத் தொழிற்சங்கங்கள் முன்னின்று போராட வேண்டும்.

செலவு அதிகம் என்று முதலாளிகள் முறையிடலாம். காற்றுக் குறைந்த டயர் டீசலை அதிகம் குடிக்கிறது, சீக்கிரம் தேய்கிறது. இந்த நஷ்டத்தை அவர்கள் இன்றும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டிரைவர் கொடுப்பதோ உயிர். அதற்குக் கணக்குக் கேட்க ஜனங்களுக்குப் பூரண உரிமை உண்டு.