தேன் உறைந்தால் கலப்படமா?

ஓட்டப்பிடாரத்தில் ஏதாவது ஒரு வீட்டு அடுக்களை. தை மாதம் வாங்கிய தேன் பாட்டிலின் அடியில், மாசி முடிவதற்குள் வெள்ளையாக மணல் மணலாக ஏதோ படிந்திருக்கிறது. “சீனிப்பாகைக் கலந்து ஏமாத்திட்டான்” என்று அம்மா சொல்ல, பாட்டில் குப்பைக்குப் போகிறது. அடுத்த முறை கடையிலிருந்து வருவது வருஷம் முழுக்க உறையாமல் பளபளக்கும் பாட்டில். எல்லோருக்கும் திருப்தி!

உறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தேனைத் தூக்கி எறிவது சரியா? சரியில்லை. தேனில் முக்கியமாக இருப்பவை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகள். இதில் குளுக்கோஸ்தான் பிரிந்து படிகமாகும். எந்தச் செடியின் தேனில் குளுக்கோஸ் அதிகமோ அது சீக்கிரம் உறையும். சூரியகாந்தித் தேனும் பருத்தித் தேனும் அப்படிப்பட்டவை. இரண்டுமே கரிசல் காட்டுப் பயிர்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, ‘ஒரே பூத் தேன்’ என்கிறார்களே, அது என்ன? தேனீயிடம் போய் “இந்தப் பூவில் மட்டும் உட்கார்” என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு செடி ஊரே பூத்துக் கிடக்கும் காலத்தில் பெட்டியை அங்கே கொண்டுபோய் வைத்து, அந்தப் பருவம் முடிந்ததும் தேனை எடுப்பார்கள். அதில் அந்தச் செடியின் பங்கு மேலோங்கி இருக்கும், அவ்வளவுதான். மகரந்தத்தை எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர்கள் பொதுவாக நூற்றுக்கு 45 பங்கு ஒரே செடியுடையதாக இருந்தால் அதன் பெயரைச் சொல்லலாம் என்பார்கள். “நூறு சதவீதம் ஒரே பூ” என்று லேபிளில் போட்டால் அங்கேயே சந்தேகப்படலாம்.

நம் பக்கத்தில் இதற்குப் பேர் போன ஊர் மார்த்தாண்டம். 1920களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே அதிகம் கிடைப்பது ரப்பர் தேன். வேடிக்கை என்னவென்றால், அது பூவிலிருந்து வருவதே இல்லை! ரப்பர் மரம் தளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அதுவும் சீக்கிரம் உறையக்கூடிய தேன்தான்.

கரிசலுக்கு வருவோம். இங்கே எள், கொத்தமல்லி, சூரியகாந்தி, வேம்பு எல்லாம் இருக்கின்றன. எல்லோரும் திட்டும் வேலிக்கருவையும் இருக்கிறது. அதன் புதருக்குள்தான் கொம்புத்தேன் தொங்கும். அதே இனத்தைச் சேர்ந்த மரம் ஹவாய் தீவில் ‘கியாவே’ என்ற பெயரில் வளர்கிறது. அதன் தேன் வெள்ளையாக, வெண்ணெய் போல உறைந்துவிடும். உறைந்த நிலையிலேயே உயர்ந்த விலைக்கு விற்கிறார்கள். நாம் குப்பையில் போடும் குணத்துக்கு அங்கே காசு!

அடுத்தது, வீட்டுச் சோதனைகள். தண்ணீரில் விட்டால் அடியில் இறங்க வேண்டும், தீக்குச்சி எரிய வேண்டும், எறும்பு வரக்கூடாது, நாய் நக்கக்கூடாது... கெட்டியான சீனிப்பாகும் தண்ணீரில் இறங்கும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஜெர்மனி ஆய்வகத்தில் நடந்த என்.எம்.ஆர். சோதனையில் தேறியவை 3 மட்டுமே. நிறுவனங்கள் இதை மறுத்தன. ஆய்வகச் சோதனைகளிலேயே தப்பும்படி பாகு தயாரிக்கிறார்கள் என்றால், தீக்குச்சி என்ன செய்யும்?

அதனால் வாங்கும்போது “சுத்தமான தேனா?” என்று கேட்பதில் பயனில்லை. யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. கேட்க வேண்டியவை வேறு. எந்தச் செடி? எந்த மாதம் எடுத்தது? பெட்டி எங்கே இருந்தது? மெழுகு மூடிய அடையிலிருந்து எடுத்ததா? காய்ச்சினீர்களா? தேன் எடுக்கிறவருக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். வாளியில் அடையை மிதக்க விட்டுத் தெருவில் விற்பவர் தடுமாறினால் நடையைக் கட்டலாம்.

வாங்கிய பிறகு பாதுகாப்பது சுலபம். கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, ஈரமில்லாத கரண்டி போதும். தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் நூற்றுக்கு 20க்கு மேல் போனால் புளித்து நுரைக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அங்கே இன்னும் சீக்கிரம் உறையும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே மேல்தட்டில் வைத்தால் நிறமும் மணமும் கெடும். தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டே நல்லது. உறைந்தால் கை பொறுக்கும் சூட்டு நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும், அடுப்பில் ஏற்றக்கூடாது. உறைந்தபடியே தோசைக்குத் தொட்டுக்கொண்டாலும் ருசிதான். சர்க்கரை நோயாளிகள் மட்டும் தேனையும் சர்க்கரையாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவுவது நம் பக்கத்து வழக்கம். தேனில் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சாகி, தசைகளைத் தளரவைத்து, மூச்சையே நிறுத்தக்கூடும். வீட்டில் சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது. தேன் எவ்வளவு சுத்தமானாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. பாட்டி மனம் கோணினாலும் பரவாயில்லை, முதல் பிறந்தநாள் வரை தேன் வேண்டாம்.

உறைந்த தேனுக்குப் பயந்து, பச்சைக் குழந்தைக்குத் தேன் வைக்கப் பயப்படாமல் இருக்கிறோம். பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் பாட்டிலும் தப்பும், பிள்ளையும் தப்பும்.