ஐம்பது கலிபரும் ஆறாயிரம் டொலரும்

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்திருந்தான். சுகம் விசாரித்து முடிந்ததும், "மாமா, நான் ஒரு பிஃப்டி கலிபர் எடுக்கப் போறன். ஆறாயிரம் டொலர் சேர்த்து வைச்சிருக்கிறன். நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டான். நான் உடனே பதில் சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று எண்ணி இரண்டு தடவை "ஹலோ" சொன்னான்.

எங்கள் பகுதியில் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடமே போகாத பாட்டிமாரும் ஓசையை வைத்து "இது ஐம்பது கலிபர், இது எல்.எம்.ஜி" என்று பிரித்துச் சொன்ன காலம் அது. செய்தி மேசையில் இருந்த எங்களுக்கும் கலிபர் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிழையாக எழுதினால் மறுநாள் காலையிலேயே வாசகர் திருத்தம் சொல்வார். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பதுங்குகுழியைத் தேடிய தலைமுறை நான். ஞாயிற்றுக்கிழமை போய் இரும்புத் தகட்டில் சுட்டுவிட்டு வர அதை விலைக்கு வாங்க நினைக்கிற தலைமுறை என் மருமகன். அதற்காக அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் வாழும் இடத்தில் அது சட்டப்படி விற்கப்படும் பொருள். தூர இலக்குச் சூடு அங்கே ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் விளையாட்டு. 1875 இல் ஆங்கிலேயர் அன்பளிப்புச் செய்த விம்பிள்டன் கிண்ணத்துக்காக அமெரிக்கச் சுடுநர்கள் 1000 யார் தூரத்தில் இன்றும் போட்டியிடுகிறார்கள்.

ஆகவே துவக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவன் கேட்டது கொள்முதல் பற்றிய கேள்வி. நான் சுடுபவன் அல்லன். ஆனால் விலைப்பட்டியல் வாசிக்கத் தெரியும். பெரிய பொருளை வாங்கிவிட்டுப் பிறகு தலையில் கைவைத்த பலரையும் அறிவேன். இரண்டு வாரம் தேடிப் படித்து, விடயம் தெரிந்தவர்களிடமும் கேட்டபின் நான் வந்த முடிவு இதுதான்: அவன் பட்டியலைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறான். முதலில் கலிபர், பிறகு துவக்கு, பிறகு தொலைநோக்கி, மிச்சக் காசுக்கு ரவை, கடைசியில் "எங்கேயாவது ஒரு மைதானம் இருக்கும்தானே" என்பது அவன் வரிசை. மைதானத்தில் தொடங்கிக் கலிபரில் முடிப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து.

ஐம்பது கலிபர் ரவை இலக்குப் போட்டிக்காகப் பிறந்ததன்று. முதலாம் உலகப் போரின் முடிவில், வாகனங்களையும் விமானங்களையும் துளைக்கவல்ல இயந்திரத் துப்பாக்கி ஒன்று வேண்டுமென்று அமெரிக்க இராணுவம் கேட்டபோது ஜோன் பிரௌனிங் என்ற மேதை உருவாக்கிய துப்பாக்கியோடு சேர்ந்து வந்தது அது. குழலின் உள்விட்டம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அமெரிக்கச் சட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள சுடுகலன், விளையாட்டுக்குரியதென விலக்களிக்கப்பட்டாலன்றி, "அழிவுக் கருவி" என்ற தனி வகைக்குள் போய்விடும். இது அந்தக் கோட்டின்மீதே நிற்கிறது. போட்டிக்கென்று செய்த சன்னம் ஒன்றின் நிறை 750 கிரெயின், ஏறக்குறைய 49 கிராம். சாதாரண .308 போட்டிச் சன்னம் 11 கிராம் அளவுதான். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செலவுக் கணக்கு எல்லாம் தானாகவே விளங்கும்.

இதைத் தோளில் வைத்துச் சுடும் துவக்காக்கிப் பிரபலப்படுத்தியவர் ரெனசி மாநிலத்தைச் சேர்ந்த ரொனி பரெட். அவர் பொறியியலாளர் அல்லர், புகைப்படக்காரர். 1982 இல் தன் முதல் துவக்கைச் செய்து முடித்தார். வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைகள் அதைப் பயன்படுத்தின. 2016 இல் ரெனசி அதைத் தன் மாநிலத் துவக்காகவே அறிவித்தது. ஒரு புகைப்படக்காரரின் கைவேலைக்கு இது பெரிய பயணந்தான். (எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கமராவைக்கூடத் திருத்தத் தெரியாதவர்களாக இருந்தார்கள் என்பது வேறு கதை.)

மருமகனின் மனதில் இருப்பதும் அந்தப் பரெட் எம்82 தான். சினிமாவில் பார்த்திருக்கிறான். அதன் விலை இப்போது ஒன்பதாயிரம் டொலரைச் சுற்றி நிற்கிறது. அவன் கைக்கு எட்டாது என்பது ஒருபுறமிருக்க, எட்டினாலும் அது அவனுக்கு உரியதன்று. தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் அந்தப் பொறிமுறை தூரத்து வாகனத்தின் இயந்திரத்தைச் சிதைக்கப் போதுமான துல்லியம் உடையது. காகித இலக்கின் நடுவட்டத்துக்கு அது போதாது. சாதாரண இராணுவ ரவையோடு சுட்டால் 100 யாரில் இரண்டு, மூன்று அங்குலம் பரவும். 1000 யாரில் அதுவே இருபது, முப்பது அங்குலமாகிவிடும். உண்மையில் இலக்குச் சுடுபவர்கள் வாங்குவது ஒவ்வொரு ரவையாகக் கையால் இடும் துவக்குகளை. பரெட்டின் எம்99, ஆர்மலைட் ஏஆர்-50 போன்றவை மூவாயிரத்து ஐந்நூறுக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் கிடைக்கின்றன. நிறை 11 முதல் 15 கிலோ வரை. அந்தப் பாரம் குறையன்று, உதைப்பைத் தாங்குவதற்கு வேண்டியது.

இனிக் கணக்குக்கு வருவோம். துவக்குக்கு 4000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் பூட்டும் தொலைநோக்கி மலிவானதாக இருந்தால் இந்த உதைப்பில் சில மாதங்களில் உள்ளே ஆடத் தொடங்கும். அத்துடன் 1000 யாரில் சன்னம் ஏறக்குறைய ஆறு மீற்றர் தாழ்ந்துவிடும் என்பதால், அவ்வளவு உயரத்தையும் திருகித் திருத்த இடமுள்ள தொலைநோக்கி வேண்டும். 2000 டொலருக்குக் கீழே நம்பிக்கையான ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். அதைப் பூட்டும் சாய்ந்த தளமும் வளையங்களும் 300. ஆறாயிரம் தாண்டிவிட்டது, இன்னும் ஒரு ரவைகூட வாங்கவில்லை.

ரவையில்தான் ஆள் விழுவது. போட்டித்தரமான ஐம்பது கலிபர் ரவை ஒன்று ஏழு, எட்டு டொலர். மாதம் ஒருமுறை போய் 20 ரவை சுட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 1900 டொலர். மாதம் 20 ரவையில் எவரும் சுடக் கற்றுக்கொள்வதில்லை. உபரியாக விற்கப்படும் இராணுவ ரவை மலிவுதான், ஆனால் துல்லியத்துக்காக 4000 டொலர் கொடுத்தவன் அதனைப் போட்டுச் சுடுவது, பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்து வயலுக்கு அனுப்புவது போன்றது. வீட்டில் தானே ரவை நிரப்பலாம் என்றான் மருமகன். நிரப்பலாம். ஆனால் ஒரு ரவைக்குச் சுமார் 230 கிரெயின் மருந்து வேண்டும். ஓர் இறாத்தல் மருந்தில் 7000 கிரெயின், ஆகவே 30 ரவைதான் தேறும். அதே இறாத்தலில் 6.5 கிரீட்மோர் என்ற சிறிய ரவையில் 160 க்கு மேல் நிரப்பலாம். வழமையான நிரப்பும் கருவியும் இதற்குப் போதாது, அதற்கும் பெரியது வேண்டும்.

மைதானம் என்று நான் முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பொதுமக்கள் போகும் சுடுதளங்களில் பெரும்பாலானவை 100, 200 யாருக்குமேல் நீள்வதில்லை. அவற்றுள் பல ஐம்பது கலிபரை உள்ளே விடுவதில்லை. இரும்பு இலக்குகளை அது கிழித்துவிடும், பின்னாலுள்ள மண் அணையும் தாங்க வேண்டும். குழல் முனையில் உதைப்பைக் குறைக்கப் பூட்டும் தடுப்பு வாயுவைப் பக்கவாட்டில் தள்ளுவதால் அருகில் படுத்திருப்பவருக்கு ஒவ்வொரு சூடும் முகத்தில் அறைவது போலிருக்கும். காதுக்குள் ஓர் அடைப்பான், அதற்குமேல் ஒரு காதுமூடி என்று இரண்டும் போட வேண்டும். நூறு யாரில் இந்தத் துவக்கைச் சுடுவதில் எந்தப் பொருளுமில்லை. ஆயிரம் யார் வேண்டுமென்றால் நியூ மெக்சிகோவின் ரற்றோன் நகருக்கருகிலுள்ள விற்றிங்ரன் நிலையம் போன்ற ஓர் இடத்துக்குப் பயணம் போக வேண்டும். பயணத்துக்குப் பெற்றோல், தங்குமிடம், லீவு. இவை மருமகனின் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் அவன் யோசிக்கவில்லை. அவன் கணினித் துறைக்காரன். நாளை கலிபோர்னியாவில் வேலை கிடைத்தால் என்ன செய்வான்? அங்கே 2005 ஜனவரி 1 முதல் இந்த ரவைக்கான துவக்குக்குத் தடை. 2004 இல் சட்டத்தில் கையொப்பமிட்டவர், திரையில் பெரிய துப்பாக்கிகளோடு உலா வந்த ஆளுநர் ஆர்னோல்ட் சுவார்சுநேகர். இலினோய் மாநிலமும் 2023 இல் இவ்வகைத் துவக்கின் விற்பனையைத் தடைசெய்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே வீடு மாறும்போது கொண்டுபோக முடியாத பொருளில் சேமிப்பு முழுவதையும் போடுவது புத்தியா என்று கேட்டேன். "நான் ரெக்சாஸை விட்டுப் போகமாட்டன்" என்றான். முப்பது வயதில் நானும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகமாட்டேன் என்று சொன்னவன்தான்.

ஐம்பது கலிபருக்கும் நியாயம் செய்ய வேண்டும். காற்றோடு மல்லுக்கட்டுவதில் அது வலிது. மணிக்கு 16 கிலோமீற்றர் வேகக் குறுக்குக்காற்று, 1000 யாரில் .308 சன்னத்தை இரண்டு மீற்றருக்குமேல் தள்ளும். 750 கிரெயின் சன்னத்தை ஒரு மீற்றரளவே தள்ளும். ஒரு மைலுக்கு அப்பால் சுட விரும்புபவருக்கு இது சிறிய விடயமன்று. அதில் வாழ்நாளைச் செலவிட்டு, 1000 யாரில் அங்குலக் கணக்கில் சூடுகளை ஒன்றுசேர்க்கும் சங்கத்தினர் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்களும் சிறியதில் பழகிப் பெரியதுக்குப் போனவர்கள். அத்துடன் இரண்டு மைல் தூரப் போட்டிகளில் இன்று முன்னணியில் நிற்பவர்கள் பெரும்பாலும் .375, .416 அளவுகளுக்கு மாறிவிட்டார்கள். மறுபுறம், கனடாக்காரர் ஜோர்ஜ் பார்குகார்சன் தொடக்கிய எஃப்-கிளாஸ் போட்டியில் ஐம்பதுக்கு இடமே கிடையாது. கண்பார்வை குறைந்த வயோதிபரும் தொலைநோக்கியோடும் தாங்கியோடும் சுடலாம் என்று வந்த அந்தப் போட்டியில் ஒரு பிரிவு .223, .308 ஆகிய இரண்டை மட்டுமே ஏற்கிறது. ஆக, ஐம்பதை வாங்கியவன் போட்டிக்குப் போக விரும்பினால் வாசல்கள் மிகச் சிலவே.

ஆறாயிரத்தை நான் பங்கிட்டால் இப்படிச் செய்வேன். 2007 இல் வந்த 6.5 கிரீட்மோர் ரவைக்குரிய நல்ல துவக்கு ஒன்று 1700. தொலைநோக்கி 1500. தாங்கி, தளம், காதுமூடி எல்லாம் 300. மீதி 2500 இல் போட்டித்தர ரவை ஏறக்குறைய 1400 வாங்கலாம். அந்த ரவை 1000 யாரை ஒலியின் வேகத்துக்குக் குறையாமல் கடக்கும். 1400 தடவை சுட்டு, காற்றைப் படித்து, தவறுகளைக் குறிப்பேட்டில் எழுதியவனும், நூறு ரவையைக் கணக்குப் பார்த்துப் பார்த்துச் சுட்டவனும் இரண்டு வருடம் கழித்து ஒரே திடலில் படுத்தால் யார் இலக்கைத் தொடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இடையில் .338 லப்புவா என்று ஒன்றும் உண்டு. ஆனால் அதன் ரவையும் ஐந்து, ஆறு டொலர். சிறியதில் கற்ற பிறகு போகலாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்ன பதில் என்னைச் சற்று உறுத்தியது. "நீங்கள் சொல்றது சரி மாமா. ஆனால் சின்னனிலை இருந்து அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட பேர் அது. ஒருக்காக் கையிலை பிடிச்சுப் பார்க்க வேணும்." தங்கை அவனிடம் என்னவெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அந்தப் பெயரை வீரக்கதையாகச் சொல்லியிருக்க மாட்டாள் என்று மட்டும் தெரியும். 1990 களில் ஓர் இரவு முழுவதும் அவளும் நானும் பக்கத்து வீட்டுப் பதுங்குகுழிக்குள் இருந்து அதைக் கேட்டோம்.

பிடித்துப் பார்ப்பதற்கு விலைக்கு வாங்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அத்தகைய துவக்கு வைத்திருக்கும் எவரேனும் திடலில் ஐந்து ரவை சுட விடுவார், ரவைக் காசைக் கொடுத்தால் போதும். அங்கே அவர்கள் தாராளமானவர்கள் என்று கேள்வி. நாற்பது டொலருடன் ஆசை தீரலாம், அல்லது கூடலாம். சம்மதித்தான். நேற்றுப் புதிய பட்டியல் ஒன்று அனுப்பியிருக்கிறான். கிரீட்மோர் அதில் வந்துவிட்டது, இரண்டாம் இடத்தில். பட்டியலைத் தாய்க்கும் அனுப்பியிருக்கிறானா என்று நான் இன்னும் கேட்கவில்லை.