சின்ன மாற்றத்துக்கு என்ன விலை?

கிளிவெக் எண்ட பெயரில் 2001இல் சந்தைக்கு வந்த இமாட்டினிப் குளிசையை ஊடகங்கள் ‘மந்திரத் தோட்டா’ எண்டு கொண்டாடின. மந்திரம் ஒண்டும் இல்லை. மூலக்கூறின் பகுதிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த இரசாயனவியல்தான் அது. அதை விளங்கிக்கொண்டால் மருந்து விலை பற்றியும் தெளிவாகக் கதைக்கலாம்.

நாட்பட்ட மைலோயிட் இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதியம் உருவாகிறது. அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி, வெண்குருதிக் கலங்களைப் பெருகு பெருகு எண்டு ஏவிக்கொண்டே இருக்கும். அது வேலைசெய்ய ஏடிபி வேணும். ஏடிபி வந்து அமரும் குழியை வேறொரு சின்ன மூலக்கூறால் அடைத்துவிட்டால்?

சுவிற்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் குழுவினர் ஒரு பீனைல்அமினோபிரிமிடீனோடு தொடங்கினார்கள். பிரிடின் வளையம் சேர்த்தபோது கலங்களுக்குள் செயற்பாடு கூடியது. ஏமைட்டு சேர்த்தபோது டைரோசின் கைனேசுகளைத் தடுத்தது. ஒரேயொரு மெதைல் கூட்டம் சேர்த்தவுடன், தடுக்கத் தேவையில்லாத புரதக் கைனேசு சி-யை அது விட்டுவிட்டது. நீரில் நன்றாகக் கரைவதற்காக மெதைல்பிப்பரசீன் சேர்த்தார்கள். பிரையன் ட்ரூக்கர் நடத்திய முதற்கட்டப் பரிசோதனையில், நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்குக் குருதிக் கல எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது.

பிறகு நோவார்ட்டிஸ் இதே மருந்தின் பீட்டா பளிங்கு வடிவத்துக்கு இந்தியாவில் பேட்டன்ட் கேட்டது. சென்னை பேட்டன்ட் அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் ஒரு லட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் விற்ற மருந்து, ஜெனரிக்காகப் பத்தாயிரம் அளவில் கிடைத்த நாடு அது.

இப்பிடி மறுத்தால் ஆராய்ச்சி செத்துப்போகும், சின்ன மாற்றங்களுக்கு மதிப்பில்லாமல் போகும் எண்டு சொல்லுவினம். அந்த மெதைல் கூட்டமும் சின்ன மாற்றம்தானே! ஆனால் மருந்து எதைத் தடுக்கும், எதை விடும் என்பதையே அது மாற்றியது. பளிங்கு வடிவம் குளிசை தயாரிக்கவும் சேமிக்கவும் வசதி. நோயைக் கூடுதலாகக் கட்டுப்படுத்தும் என்பதைக் கம்பனியால் நிறுவ முடியவில்லை. இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்டது அதைத்தான்.

மாற்றம் பெரிசா சின்னனா எண்டு அளப்பதில் பயனில்லை. அதால நோயாளிக்கு என்ன கிடைத்தது எண்டு கேட்கவேணும். இந்தக் குளிசையைப் பெரும்பாலானோர் வருசக்கணக்கில் தினமும் விழுங்கவேண்டியிருக்கு. பளிங்கு வடிவம் மாறினதுக்காக அவையள் இன்னொருக்கா காசு கட்டத் தேவையில்லை.