சின்ன வாட்ச்சுக்கு வந்த வாழ்வு!

கல்லூரி முதல் வருஷம். துபாயிலிருந்து லீவில் வந்த மாமா என் கையில் ஒரு வாட்ச்சைக் கட்டிவிட்டார். டயல் என்றால் டயல்... ரசக் கிண்ணம் சைஸ்! என் கையோ முருங்கைக்காய். மறுநாள் கேன்டீனில் நுழைந்ததுமே ஒரு குரல்... “மச்சி, நீ வாட்ச் கட்டியிருக்கியா, வாட்ச் உன்னைக் கட்டியிருக்கா?” அன்றைக்கு முழுக்கைச் சட்டைக்குள் போன வாட்ச், டிகிரி முடிகிறவரை வெளியே தலைகாட்டவில்லை.

ஒல்லிக் கை ஆசாமிகளே, இந்த வாரம் உங்களுக்குத்தான். (மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்லை!)

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். பேர் கேட்டிருப்பீங்க. ஸ்டாப்வாட்ச்சும் உள்ளேயே அடக்கமான க்ரோனோகிராஃப் வகை. வலது பக்கம் ரெண்டு பட்டன்... மேலே இருப்பதை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழே இருப்பதை அழுத்தினால் முள் பூஜ்யத்துக்குத் திரும்பும். 1965-ல் நாசா இதை வறுத்து, உறைய வைத்து, உலுக்கி எடுத்து டெஸ்ட் பண்ணிவிட்டு ‘பாஸ்’ போட்டது. 1969-ல் பஸ் ஆல்ட்ரின் கையோடு நிலாவில் இறங்கியது. 1970-ல் அப்போலோ 13 விபத்தில் சிக்கியபோது, பாதையைச் சரிசெய்ய இன்ஜினை 14 விநாடி எரிக்க வேண்டிய கட்டம்... மின்சாரத்தை மிச்சம்பிடிக்க கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். ஜாக் ஸ்விகர்ட் நேரம் பார்த்தது கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டரில்தான். சும்மா இல்லை, உயிர் போகிற விநாடிகள்!

இந்த ‘மூன்வாட்ச்’ 42 மில்லிமீட்டர் அகலம். தினமும் நாமே சாவி கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு தம்பி உண்டு. 1988-ல் வந்தான். 39 மில்லிமீட்டர்தான். ஆட்டோமேடிக்... கை அசைந்தாலே சாவி ஏறிக்கொள்ளும். அதே கறுப்பு டயல், அதே மூணு குட்டி வட்டம். விலையும் அண்ணனைவிடக் குறைச்சல். ஊர் வைத்த பேர், ‘ரெட்யூஸ்டு’. அதாவது குறைக்கப்பட்டது! டயலில் எங்கே தேடினாலும் அந்த வார்த்தை கிடையாது, ‘ஆட்டோமேடிக்’ என்றுதான் இருக்கும். ஆனாலும் பட்டப் பேர் ஒருமுறை ஒட்டினால் விடுமா? ஹாஸ்டலில் இருக்கிறவங்களைக் கேளுங்க!

வந்த நேரமும் சரியில்லை. 90-களில் வாட்ச்கள் வீங்க ஆரம்பித்தன. 1993-ல் ஆடெமார் பிகே, ‘ராயல் ஓக் ஆஃப்ஷோர்’ என்று 42 மில்லிமீட்டரில் இறக்கியது. 1996-ல் சில்வஸ்டர் ஸ்டலோன் ‘டேலைட்’ படத்தில் பானெராய் கட்டிக்கொண்டு வந்தார், அது 44. 2005-ல் ஹூப்லோவின் ‘பிக் பேங்’, அதுவும் 44. புஜம் இருக்கிறவனுக்குத்தான் வாட்ச் என்று ஆகிவிட்ட காலம். அந்தக் கூட்டத்தில் 39-ஐ யார் சீண்டுவார்? ‘லேடீஸ் வாட்ச்’ என்று ஒரே வார்த்தையில் ஓரங்கட்டினார்கள். (பெண்கள் கட்டினால் அது குறைச்சலா என்று யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்!) ஃபார்முலா ஒன் சூரன் மைக்கேல் ஷூமாக்கர் பெயரில் மஞ்சள், சிவப்பு டயலோடு விட்டுப் பார்த்தார்கள். வாட்ச் வெறியர்கள் அப்போதும் மூக்கைச் சுளித்தார்கள். 2009-ல் உற்பத்தியே நின்றுபோனது.

மூக்கைச் சுளித்ததற்குச் சைஸ் மட்டும் காரணமில்லை. மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் கிட்ட வாங்க. மூன்வாட்ச்சில் ஸ்டாப்வாட்ச் வேலையும் மணி காட்டும் வேலையும் ஒரே எந்திரத்தில் பின்னிப் பிணைந்திருக்கும். ரெட்யூஸ்டு அப்படியில்லை. கீழே ஈட்டா கம்பெனியின் சாதாரண ஆட்டோமேடிக் எந்திரம். அதன் தலையில் டுபுவா டெப்ரா செய்த ஸ்டாப்வாட்ச் பகுதி. தரைத்தள வீட்டின் மேல் மாடி எடுத்த மாதிரி! சாவி கொடுக்கிற குமிழ் தரைத்தளத்துக்குச் சொந்தம், பட்டன் ரெண்டும் மாடிக்குச் சொந்தம். அதனால் வாட்ச்சைப் பக்கவாட்டில் பார்த்தால் மூணும் ஒரே வரிசையில் நிற்காது. குமிழ் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அங்கேயே போகும். போதாததற்கு, மாடி கெட்டுப்போனால் அதைப் பிரித்து வைத்தியம் பார்க்காமல், முழுசாகக் கழற்றி வேறு மாட்டுகிற ரிப்பேர்காரர்கள்தான் நிறைய. செலவு கையைக் கடிக்கும்.

இந்தக் குறைகள் நிஜம். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ‘சைஸ் சின்னது, அதனால் டூப்பு’ என்றார்கள் பாருங்க... அங்கேதான் எனக்குக் கோபம்.

ஏன்னா, 1957-ல் வந்த முதல் ஸ்பீட்மாஸ்டரின் அகலம் என்ன தெரியுமா? 38.6 மில்லிமீட்டர்! 1962 அக்டோபரில் வாலி ஷிரா தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு பூமியை ஆறு சுற்று சுற்றினாரே, அது 40-ஐத் தொடவில்லை. நாசா டெஸ்டில் பாஸானது, 1965 ஜூனில் எட் வைட் விண்வெளியில் நடந்தபோது போட்டிருந்தது... அதுவும் அந்தச் சின்ன ரகம்தான். பட்டன்களுக்கும் குமிழுக்கும் அடிபடாமல் இருக்க வலது பக்கம் கொஞ்சம் சதை போட்ட பிறகுதான் 42. ஆக, தம்பி குறைந்து போனவன் இல்லை. தாத்தாவின் சைஸில் பிறந்தவன்!

இப்போது காற்று திரும்பிவிட்டது. வீங்கிய வாட்ச்கள் சலித்து, 36, 38, 39 என்று ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். 2017-ல் ஒமேகாவே அந்த 1957 மாடலை அதே 38.6-ல் மறுபடி செய்தது, 3,557 பீஸ் மட்டும். 2018-ல் டியூடர் கம்பெனி 39-ல் விட்ட ‘பிளாக் பே ஃபிஃப்டி எய்ட்’ சூப்பர் ஹிட். 2024-ல் ஷிரா கட்டியிருந்த வகையை 39.7-ல் ஒமேகா திரும்பவும் கொண்டுவந்தது. புதுசு வாங்க வசதியில்லாதவர்களின் பார்வை மெல்ல எங்கே திரும்பும்? பதினைந்து, இருபது வருஷமாக யாரும் சீண்டாமல் கிடந்த நம்ம தம்பி மேலேதான்! ‘லேடீஸ் வாட்ச்’ என்றவர்களே, “ஆஹா, என்ன அளவு, என்ன அடக்கம்” என்கிறார்கள். வாட்ச்சில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

ஜொள்ளு விட்டுக்கொண்டிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழசானாலும் இது லட்சத்தில் பேசுகிற சரக்கு. கிராக்கி ஏறியதும் விலையும் ஏறிவிட்டது. ‘சீப்பா கிடைக்குது’ என்பதே இதன் பெரிய அழகு, அதில் பாதி போச்சு. ‘நாளைக்கு டபுள் ஆகும் மச்சி’ என்று எவனாவது சொன்னால் நம்பி அரியர் ஃபீஸ் பணத்தை எடுத்துவிடாதீங்க. முதல் சம்பளம், ரெண்டாவது சம்பளம் எல்லாம் வரட்டும். அப்போதும் ஆசை அடங்காமல் இருந்தால், குமிழ் கோணலையும் ரிப்பேர் செலவையும் தெரிந்துகொண்டு, நம்பிக்கையான ஆளிடம் திறந்து காட்டச் சொல்லி வாங்குங்க. போலிகளும் உலாவுகின்றன.

அதுவரை ஓசியில் ஒரு விளையாட்டு. டயலைச் சுற்றி விளிம்பில் 60, 120, 240 என்று எண்கள் இருக்கும், டாக்கிமீட்டர் என்று பேர். காலேஜ் பஸ்ஸில் ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது ஸ்டார்ட், அடுத்த கல்லில் ஸ்டாப். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பஸ்ஸின் வேகம். 60 விநாடி என்றால் 60, 45 விநாடி என்றால் 80. இந்த வளையம் வெறும் ரெண்டாயிரம் ரூபாய் க்ரோனோகிராஃபிலும் இருக்கலாம், பாருங்க. டிரைவர் அண்ணனிடம் மட்டும் காட்ட வேண்டாம்.

கல்யாண வீட்டில் யாராவது பெரியப்பா கையில் ஸ்பீட்மாஸ்டர் தென்பட்டால், பந்திக்கு முன்னால் டயலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. ஓயாமல் ஓடுகிற குட்டி விநாடி முள் 9-க்குப் பக்கத்தில் இருந்தால் அண்ணன், மூன்வாட்ச். 3-க்குப் பக்கத்தில் இருந்தால் தம்பி. தம்பி என்றால், “ஒரு நிமிஷம் கட்டிப் பார்க்கட்டுமா பெரியப்பா?” என்று கேட்டுவிடுங்க. முருங்கைக்காய் கைக்குக்கூட கச்சிதமாக உட்காரும்!