அலமாரியில் உறங்கும் யானைகள்

இடுக்கி மாவட்டம் சின்னக்கானலுக்கு அருகே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. பெயர் ஆனையிறங்கல். யானை இறங்கும் இடம் என்று பொருள். ஆராய்ச்சியாளர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே யாரோ கண்ணால் பார்த்துப் பதிவு செய்த தகவல் அது. ஊர்ப் பெயராகவே வைத்துவிட்டதால் எல்லோருக்கும் தெரிந்தது, தொலைந்தும் போகவில்லை.

பின்னால் வந்த தகவல்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 2002-03-இல் நிலமற்ற 301 பழங்குடிக் குடும்பங்களுக்குக் கேரள அரசு இந்தப் பகுதியில் நிலம் கொடுத்தது. இது யானைகள் நடமாடும் இடம், இங்கே குடியமர்த்த வேண்டாம் என்று அப்போதைய மூணாறு வன அதிகாரி 2003-இல் எழுத்து மூலம் எச்சரித்தார். எச்சரிக்கை ஃபைலுக்குள் போயிற்று. '301 காலனி'யிலிருந்து பல குடும்பங்கள் யானைக்குப் பயந்து வெளியேறின. இருபது ஆண்டு கழித்து, அரிக்கொம்பன் விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போனபோதுதான் அந்தப் பழைய அறிக்கை மறுபடி பேசப்பட்டது.

அரிக்கொம்பன் கதை தமிழ்நாட்டுக்கும் தெரியும். அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த இந்த யானையை முதலில் பரம்பிக்குளத்துக்கு அனுப்பச் சொன்னது நீதிமன்றம். பாலக்காடு மாவட்ட மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கடைசியில் 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. காயமடைந்த ஒருவர் இறந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

இது எதிர்பாராத விபத்தா? இல்லை. இலங்கையில் இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜி.பி.எஸ். காலர் மாட்டி ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. சிலதான் புதிய காட்டின் அருகில் தங்கின. யானையை மாற்றினால் பிரச்சினையும் கூடவே போகிறது என்ற இந்த முடிவு 2012-இல், யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய ஓர் ஆராய்ச்சி இதழில் வெளியானது. அரிக்கொம்பனுக்குப் பதினோரு ஆண்டு முன்பு!

ஒரு தகவலைச் சேர்ப்பது பாதி வேலைதான். அதைப் பிறர் கண்டுபிடிக்க வேண்டும், திறந்து பார்க்க முடிய வேண்டும், பிற தகவலோடு இணைக்க வேண்டும், மறுபடி பயன்படுத்த வேண்டும். 2016-இல் உலக விஞ்ஞானிகள் வகுத்துக்கொண்ட நான்கு விதிகள் இவை. நம் நாட்டிலும் அரசுப் பணத்தில் சேர்த்த விவரங்களைப் பகிர 2012-லேயே தேசியக் கொள்கை வந்துவிட்டது. ஆனால் கொள்கை தானாக வேலை செய்யாது.

ஆராய்ச்சி மாணவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நாலைந்து ஆண்டு அட்டைப்பூச்சிக் கடியோடு காட்டில் அலைந்து குறிப்பெடுக்கிறார். பட்டம் கிடைக்கிறது, வேறு ஊரில் வேலையும் கிடைக்கிறது. குறிப்புகள் ஒரு பழைய கம்ப்யூட்டரில் தங்குகின்றன. அட்டவணையில் 'கு-3' என்று போட்டிருந்தால் அது குட்டியா, குன்றா, குடியிருப்பா என்று அவருக்கு மட்டுமே தெரியும். அதையெல்லாம் விளக்கி எழுதி ஒழுங்கு செய்ய மாதக் கணக்காகும். அதற்குச் சம்பளம் தருவது யார்? கட்டுரை எழுதினால் பதவி உயர்வு. விவரத்தை ஒழுங்காகப் பகிர்ந்தால் என்ன கிடைக்கும்? உழைப்பை யாரோ தன் பெயரில் போட்டுக்கொள்வார் என்ற பயமும் உண்டு. அவரைச் சுயநலக்காரர் என்று திட்டுவது சுலபம். பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கென்று ஒரு ஆளை நியமிப்பதும், ஆராய்ச்சி நிதியிலேயே இதற்கு ஒரு பங்கு ஒதுக்குவதும், சேர்த்தவர் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வைப்பதும்தான் பயன் தரும்.

எல்லாவற்றையும் திறந்து போடு என்பதல்ல வாதம். 2013-இல் மத்தியப் பிரதேசத்தில் காலர் அணிந்த ஒரு புலியின் இருப்பிடத் தகவல் வந்த மின்னஞ்சலுக்குள் நுழைய யாரோ முயன்றார்கள். வேட்டைக்காரனுக்கும் தகவல் தேவை. எதை, யாருக்கு, எப்போது என்று தீர்மானிப்பதும் இந்தப் பணியில் அடக்கம்.

சரியாகப் பகிர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அதே மலைத்தொடரில் வடக்கே வால்பாறை இருக்கிறது. யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு, பக்கத்தில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்று அங்கே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்ற விவரம் உள்ளூர் கேபிள் டிவியில் எழுத்தாக ஓடியது. 2011 முதல் எஸ்.எம்.எஸ். ஆகப் போனது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் செய்தி. செல்போனால் இயக்கும் சிவப்பு விளக்குகள் வேறு. சாவுகள் குறைந்தன. ஆராய்ச்சிக்காகச் சேர்த்த அதே தகவல்தான். தேயிலைத் தொழிலாளியின் கைக்கு வந்தது.

சின்னக்கானலை அடுத்த சாந்தன்பாறைப் பகுதியில், பன்னியாறு எஸ்டேட்டில், 2023 ஜனவரியில் வனத்துறையின் யானைக் கண்காணிப்பாளர் ஒருவரை யானை கொன்றது. யானைகளின் போக்கு அறிந்தவர். வருகிறது என்று ஊருக்குச் சொல்லி எத்தனையோ பேரைக் காப்பாற்றியவர். அவர் தலையில் இருந்ததில் எவ்வளவு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது? ஏறியிருந்தாலும் அது இன்று யாருடைய அலமாரியில் இருக்கிறது?

ஆனையிறங்கலுக்குப் பெயர் வைத்தவர் எந்த விஞ்ஞானிக்கும் குறைந்தவரல்ல. தான் கண்டதை அவர் பூட்டி வைக்கவில்லை.