செய்நிரற் கல்வியும் பொதிச்சார்பும்

இலங்கையில் உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பயிலும் மாணவர் பைத்தான் என்னும் மொழியிற் செய்நிரல் எழுதப் பழகுகின்றனர். பசறை, லுணுகலை, அப்புத்தளை முதலாய தோட்டப்புறங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளும் அதனையே பயில்கின்றனர். 'பொருள்', 'வகுப்பு', 'இடைமுகம்' என்னும் சொற்கள் இவர்களிடம் வரைவிலக்கணங்களாகவே முதலில் வந்து சேர்கின்றன. மனனஞ் செய்தற்கு அவை ஏற்றன, விளங்கிக்கொள்ளுதற்கு அல்ல. இடைமுகத்தை விளக்குதற்கு வகுப்பு வேண்டுவதில்லை, சார்பே போதும், அதனையே முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பது எம் கருத்து. தமிழாசிரியர்க்கு இங்கென்ன வேலை என வினவுவோர் சற்றுப் பொறுப்பாராக.

இடைமுகம் என்பது, இன்ன இன்ன ஏவல்களை இடலாம் என்னும் உடன்பாடு. கொழுந்து மடுவத்திலே நிற்பவர் 'நிறு' என்றால் நிறுக்கவும், 'சொல்' என்றால் மொத்தத்தைச் சொல்லவும் வல்லவராயின் போதும்; அவர் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ என்பது வேறு விடயம். ஜாவா போன்ற மொழிகளில் இவ்வுடன்பாட்டை முற்கூட்டியே எழுதி அறிவித்தல் வேண்டும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், லுவா ஆகிய இயங்குநிலை மொழிகள் குலம் கேட்பதில்லை. ஏவலை ஏற்றால் அமையும்.

சார்பு என்பது வினை போன்றது. இம்மொழிகளிலே அவ்வினையைப் பெயராகவும் கையாளலாம். மாறியில் இடலாம், பிறிதொரு சார்புக்குக் கொடுக்கலாம், விடையாகவும் பெறலாம். 'நிறுத்தல்' எனத் தொழிற்பெயராக்கி வேற்றுமையுருபு ஏற்பித்தல் நம் மாணவர்க்குப் புதிதன்று. இனி, ஒரு சார்பினுள்ளே பிறந்த சார்பு, தான் பிறந்தவிடத்து மாறிகளை உடன்கொண்டே வெளியேறும். தாய்ச்சார்பு தொழில் முடித்து நீங்கிய பின்னரும் அவை அழிவதில்லை. 'நிறுத்தாள்' என்னும் வினைமுற்று, எழுவாய் தோன்றாவிடினும் அதனைத் தன் விகுதியிற் சுமந்து வருதலை ஒருவாறு இதற்கு ஒப்பிடலாம். 1964ஆம் ஆண்டில் பீற்றர் லாண்டின் இதற்குக் 'குளோசர்' எனப் பெயரிட்டார். அதனை 'மூடல்' எனப் பெயர்ப்பது பொருளையே மூடிவிடும். வழிச்செல்வோன் பொதிசோறு கொண்டு செல்லுதல் போலாதலின், பொதிச்சார்பு என்க.

1975ஆம் ஆண்டில், அமெரிக்க மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தினரான கை ஸ்ரீலும் ஜெரால்ட் சஸ்மனும், செய்தி பெற்று இயங்கும் 'நடிகர்' பற்றிய கார்ல் ஹியூவிற்றின் கொள்கையை விளங்கிக்கொள்ளவே ஸ்கீம் என்னும் சிறு மொழியை ஆக்கினர். ஈற்றில், தாம் அமைத்த நடிகரும் பொதிச்சார்பும் ஒன்றே எனக் கண்டனர்.

எடுத்துக்காட்டாக, 'கணக்கு' என்றொரு சார்பை எழுதுக. அதனுள்ளே 'மொத்தம்' என்னும் மாறியைச் சுழியமாக வைக்க. பின் இரு சிறு சார்புகள்: 'நிறு' தரப்பட்ட கிலோவை மொத்தத்தோடு கூட்டும், 'சொல்' மொத்தத்தைத் தரும். இவ்விரண்டையும் அகராதி ஒன்றிற் பெயரோடு இட்டு வெளியே கொடுக்க. கணக்கை இருமுறை அழைப்பின் இரு தொழிலாளர்க்கு இரு மொத்தங்கள் கிடைக்கும். ஒன்றில் 18 கிலோ சேர்ப்பின் மற்றையது அசையாது. வெளியே நிற்போர் மொத்தத்தை நேரே திருத்த இயல்பான வழியில்லை, நிறுத்தே ஆகவேண்டும். (மடுவத்து நிறுவை பற்றித் தோட்டத்து மக்கட்கு உள்ள ஐயம் பழையது, பிள்ளைகள் இவ்விடத்தில் முறுவலிப்பர்.) நாளை, சாக்கின் நிறைக்கென 2 கிலோ கழிக்கும் வேறொரு கணக்கை எழுதினும், அவ்விரு பெயர்களையே அது தருமாயின் ஏனைய செய்நிரலில் ஓர் எழுத்தும் மாறாது. இடைமுகத்தின் பயன் முழுதும் இதுவே.

பைத்தானிலே உட்சார்பு வெளிமாறியை மாற்றுதற்கு 'நொன்லோக்கல்' என்னும் அறிவிப்பு வேண்டும். 2008இல் வெளிவந்த 3ஆம் பதிப்பு அதனைத் தந்தது. பெயர்களைத் தமிழெழுத்தில் இடுதற்கும் அப்பதிப்பே இடந்தந்தது. ஆதலின் மேலே கூறிய பெயர்களை அப்படியே எழுதலாம். முத்து அண்ணாமலை ஆக்கிய எழில் என்னும் மொழி ஏவற்சொற்களையும் தமிழாக்கியுள்ளது.

ஏவல்கள் பத்துப் பன்னிரண்டாயின் வகுப்பே தக்கது. பொதிக்குள் இருப்பதைப் பிழை தேடுங்கால் காண்பதும் அரிது. ஆயின் வீட்டிற் கணினியில்லாத பிள்ளையை நினைமின்கள். தாளிலே ஒரு பெட்டி வரைந்து, அதனுள் மொத்தத்தை அழித்தழித்து எழுதி, இச்செய்நிரலைத் தானே ஓட்டிப் பார்க்கலாம். வகுப்பிற்குரிய சடங்குகள் அவ்வளவில் வருவதற்கு நெடுநாளாகும். வரைவிலக்கணமே புள்ளி பெறப் போதும் என்பாரும் உளர். புள்ளி பெற்றவர் பின் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்திலோ பிறிதோரிடத்திலோ இப்பொருளை ஆங்கிலத்திற் சந்திப்பர். தமிழில் ஒருமுறை விளங்கியிராதவர் அங்கே இருமடங்கு இடர்ப்படுவர்.

கணினித் தொழிலில் உள்ள பழைய மாணவர் விடுமுறைக்கு ஊர் வருங்கால் ஒரு பிற்பகலை நம் உயர்தர வகுப்பிற்குத் தரக் கேட்கின்றோம். கரும்பலகையும் வெண்கட்டியும் போதும். சொற்களைத் தமிழாக்கும் பொறுப்பை யாம் ஏற்கின்றோம்.