அறுந்த இடத்தைப் பாருங்கள்

அறுந்து வந்த சைக்கிள் செயினைத் தூக்கி எறியும் முன், அறுந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடு நடுவில் பிய்ந்திருப்பது அபூர்வம். வெளித்தகட்டின் துளைதான் பின்னின் தலையை விட்டு நழுவி, தகடு பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது யாரோ ஒரு மெக்கானிக் பிரித்துச் சேர்த்த இடமாகவே இருக்கும்.

ஓட்டுபவர் அழுத்தி மிதித்தார் என்று பழியை அவர்மேல் போட வழியில்லை. 80 கிலோ ஆள் 170 மி.மீ. கிராங்கில் எழுந்து நின்று மிதிக்கிறார், முன் பல்சக்கரத்துக்கு 32 பல் என்றால், செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 2,100 நியூட்டன். ஒழுங்கான செயின் 8,000 வரை தாங்கும்.

நம்மை ஏமாற்றுவது பழைய கைப்பழக்கம். ஒற்றைக் கியர் வண்டியில் தகடு தடிமன். பின்னைத் தட்டி எடுத்து, அதையே திரும்ப அடித்து, தலையில் சுத்தியலால் இரண்டு போடு போட்டால் வருடக்கணக்கில் ஓடும். கியர் வண்டியில் அது நடக்காது. 8 கியர் செயினின் அகலம் சுமார் 7 மி.மீ.; 12 கியருக்கு 5 மி.மீ. சொச்சம்தான். பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடமில்லாததால், அதன் நுனியை நசுக்கித் தகட்டோடு பிடிக்க வைத்திருக்கிறார்கள். செயின் கட்டரால் தள்ளும்போது அந்த நசுக்கிய விளிம்பு சிதைந்து, துளையையும் சீவிக்கொண்டு போகிறது. அதே பின்னைத் திரும்பத் தள்ளினால் பார்வைக்குக் குறையிருக்காது, பிடிப்புதான் இருக்காது. மேட்டில் அழுத்தி மிதித்தபடியே கியர் மாற்றும்போது விழும் பக்க இழுப்பில் கழன்றுவிடும். மிதித்தவர் ஹேண்டில்பார்மீது போய் விழுவார். ஆகவே புது இணைப்புப் பின், அல்லது அந்தக் கியர் எண்ணிக்கைக்கு உரிய குவிக் லிங்க். வேறு வழி இல்லை. (ஒற்றைக் கியர் செயின் லாக்கில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கடைப் பையன்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.)

தேய்மானத்தைக் கண்ணால் மதிப்பிடுவதையும் விட வேண்டும். தேய்வது தகடல்ல, பின்னும் அது உராயும் உட்பக்கமும். பின்னுக்குப் பின் அரை அங்குலம் என்பதால், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரை நூல் கூடியிருந்தால் 11, 12 கியர் செயினை மாற்றிவிடலாம். ஒற்றைக் கியருக்கு ஒரு நூல் வரை பொறுக்கலாம். அதற்கு மேல் ஓட்டினால் பிரீவீலின் பல்லும் சேர்ந்து போகும்.

கடை மூலையில் இருக்கும் பைக் வேஸ்ட் ஆயில் டப்பாவைச் செயின் பக்கம் கொண்டுவராதீர்கள். அதில் இரும்புத்தூள் மிதக்கிறது. நல்ல எண்ணெயை ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, சற்றுப் பொறுத்து வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். வெளியே மினுக்கும் எண்ணெய் புழுதியைச் சேர்ப்பதற்கு மட்டுமே உதவும். துரு போக்க ஆசிட் கலந்த திரவம் வேண்டவே வேண்டாம்; கடினப்படுத்திய எஃகில் அது விரிசல் விழச் செய்யும்.

குவிக் லிங்க் விலையைக் கேட்டு வாடிக்கையாளர் முகம் சுளிக்கலாம். தள்ளி எடுத்த பழைய பின்னை அவர் உள்ளங்கையில் வைத்து, சிதைந்த நுனியைக் காட்டுங்கள். அப்போதும் பழையதையே போடச் சொன்னால், அந்த வேலையை ஏற்காதீர்கள்.